தேனீக்கு எவ்வளவுங்க?

சோமனூரில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் விசைத்தறி வைத்திருப்பவர். இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவராம். ரசம் பரிமாறும் நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்கம்மா... இந்த செல்போன் டவர் வந்துதானுங்க சிட்டுக்குருவியெல்லாம் போயிருச்சு? நீங்க அதைப் பத்தி எழுதோணுமுங்க.”

“தெரியலைங்களே” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. பத்தி எழுதுகிற ஒருத்தி ‘தெரியலை’ என்று சொல்லலாமா? மோர் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் அதுதான் உண்மை. டவரால்தான் என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்கிறது. டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்னொரு கூட்டம் அடித்துச் சொல்கிறது. இரண்டு தரப்பும் எவ்வளவு தீர்மானமாகப் பேசுகின்றன, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அந்தத் தீர்மானத்தைப் பார்த்தால்தான் பயம்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். போன வருஷம் ஒருத்தி அப்படிப் போட்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பந்தியில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரிசில்லா துடியலூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுக்காரி. கோவையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டு, மத்தியானம் என் வீட்டில் காபி. என்னைவிடச் சின்னவள். “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு பித்து உண்டு. மலைத்தேனீ.

பெட்டியில் வைத்து வளர்க்கிற தேனீ இல்லை இது. பெரிய ஜாதி. உயரமான மரத்துக் கிளைகளில் முறம் முறமாக அடை தொங்கும். மழை வந்ததும் கூட்டம் கிளம்பிப் போய்விடும். அடுத்த வருஷம் திரும்ப வரும். அதே மரத்துக்கு.

“அதே தேனீயாடி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போன வருஷம் அடையில வேலை பார்த்த தேனீ ஒண்ணுகூட உசுரோட இருக்காதுக்கா. ஆனா வர்ற கூட்டத்துக்கு மரம் தெரியுது. எப்படித் தெரியுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை.”

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். அதன் ஓரத்தில் துண்டுக் காடு ஒன்று மிச்சம் இருக்கிறது. காட்டின் விளிம்பில் ஒரு பெரிய இலவ மரம். வருஷா வருஷம் அதில் மலைத்தேனீ அடை கட்டும். பிரிசில்லா மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போவாள். போன வருஷம் அந்த மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் செல்போன் டவர் வைக்க இடம் குறித்துவிட்டார்கள். அங்கேதான் லாரி போக மண் ரோடு இருக்கிறதாம்.

பிரிசில்லா வருவாய்த் துறைக்கு ஆட்சேபணை எழுதிப் போட்டாள். கூட்டம் போட்டுப் பேசலாம் என்று பதில் வந்தது. அதுவே எங்களுக்கு ஆச்சரியம்.

“நீங்களும் வாங்கக்கா. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது.”

போனேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் என் வயிறு தனியாக ஒரு வளைவு வளைந்தது. பிரிசில்லாவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவள் என்னிடம் பாலிசி பேசிக்கொண்டு வந்தாள்.

“டவர்ல இருந்து வர்ற கதிர்வீச்சு மனுஷன் மேல இவ்வளவுக்கு மேல படக்கூடாதுன்னு வரம்பு இருக்குதுக்கா. வெளிநாட்டுல பல இடத்துல இருக்கறதைவிட நம்மூர்ல கடுமையாவே வெச்சிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா மரம், பறவை, பூச்சி? அதுகளுக்குன்னு ஒண்ணுமே இல்லை. அரசாங்கமே ஒருதடவை குழு போட்டுப் பறவை, தேனீ பத்தியெல்லாம் கேட்டுச்சு. அறிவுரை வந்துச்சு. வரம்பு வரலை.”

“கெடுதல்னு நிரூபிச்சுட்டாங்களா?”

“இல்லைக்கா.” தயங்காமல் சொன்னாள். “சில சோதனையில தேனீ நடந்துக்கறதுல மாறுதல் தெரிஞ்சுருக்குது. சிலதுல ஒண்ணுமே தெரியலை. காட்டுல, நெசமான கூட்டுல, வருஷக்கணக்கா யாரும் ஒழுங்காப் பார்க்கலை. பார்க்காமயே ஒண்ணும் ஆகாதுன்னா எப்படிங்க? பார்த்துட்டுச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.”

எனக்கு இது நியாயமாகப் பட்டது. வாந்தி வரும்போல இருந்தும் நியாயமாகப் பட்டது.

எஸ்டேட் மன்றத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். காலை வேலை முடித்து ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள், ஆண்கள். முன்னால் வருவாய்த் துறை அதிகாரி. அவர் பக்கத்தில் டவர் கம்பெனியின் இன்ஜினியர். சாந்தமான முகம். கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. கதிர்வீச்சை அளப்பதாம்.

அவர்தான் முதலில் பேசினார். மனிதர்களுக்கு வரம்பு என்ன, கம்பெனி அதை எப்படிக் கடைப்பிடிக்கிறது, வேண்டுமானால் அளந்தே காட்டுகிறோம்... பொறுமையாகத்தான் சொன்னார்.

பிரிசில்லா எழுந்தாள்.

“மனுஷனுக்குச் சரிங்க. தேனீக்கு எவ்வளவுங்க?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மேஜையைப் பார்த்தார்.

“தேனீக்கு... அளவே இல்லைங்க மேடம்.”

சரியான பதில்தான். அப்படி ஒன்றை யாரும் நிர்ணயிக்கவில்லை. ஆனால் தமிழில் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, இல்லையா? அளவே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும்.

பிரிசில்லா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள். அப்போதுதான் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவை. பேசிப் பழக்கமில்லாத குரல்.

“என் பேரு ஸ்டெல்லாங்க. இங்க குழந்தைங்க காப்பகத்துல வேலை பாக்கறேன். எங்க ஊட்டுக்காரரு டவுனுக்குப் போயிட்டு சாயங்கால பஸ்ல வந்தாருங்க. ரோட்டுக்குக் கீழ யானை நிக்குதுன்னு பாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்காங்க. சிக்னல் இருக்கற எஸ்டேட்டுக்கெல்லாம் வந்துருக்குது. எங்க பக்கம் வரலைங்க.”

நிறுத்தினாள். அந்த ஹாலில் எங்களைத் தவிர எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

“போன் அவரு பாக்கெட்டுலயேதான் இருந்துச்சு. அடுத்த நாள் டவுன் ஆஸ்பத்திரியில வெச்சு என் கையில குடுத்தாங்க. அங்க சிக்னல் இருக்குதில்லைங்க... அப்பத்தான் அந்த மெசேஜ் வந்து விழுந்துச்சு.”

சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.

“வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியலைங்க. டவர் வேணுங்க.”

உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி டீ சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். வேறு என்ன சொல்வார்? பிரிசில்லா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. ஆனால் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“யானைக்காக எவ்வளவு பேசியிருக்கேன்க்கா வகுப்புல... இந்த மெசேஜைப் பத்தியும்தான் பேசியிருக்கேன். அந்த மெசேஜ் வர்றதுக்கு ஒரு டவர் வேணும்னு தோணவே இல்லை பாருங்க.”

ஸ்டெல்லாதான் எங்களைத் தேடி வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ.

“குளிருதுங்க மேடம். இங்க உக்காராதீங்க. ஊடு பக்கத்துலதான். வாங்க.”

லைன் வீடு. ஒரே சுவரில் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளில் நடு வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு பீரோ, அந்தோனியார் படம். கணவர் படம் டிவிக்கு மேலே இருந்தது. பேர் சகாயராஜ். எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர்.

பிரிசில்லா மன்னிப்புக் கேட்டாள். ஸ்டெல்லாவுக்குப் புரியவில்லை.

“எதுக்குங்க? நீங்க என்ன பண்ணுனீங்க?”

“உங்களுக்கு வர வேண்டியதை நான் தடுக்க வந்தேன்ல.”

ஸ்டெல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு அந்த யானை மேலயே கோவம் இல்லைங்க. இவரு வர்றது அதுக்குத் தெரியாது. அது நிக்கறது இவருக்குத் தெரியாது. குட்டி வேற கூட இருந்துச்சாம். அப்புறம் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? பட்டாசு போட்டுப் போட்டு அதைத் துரத்துனாங்க. குட்டி கத்துன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அதைக் கேட்டுட்டு இந்த ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தேன் நானு.”

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். அந்த டவர் யானைக்கும் வேண்டும். எங்களுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

“ஸ்டெல்லா, டவர் வரட்டும். அந்த மரத்துக்கிட்ட இல்லாம வேற எங்கயாச்சும் வைக்க இடம் இருக்குதா? லாரி போற மாதிரி?”

“இந்த லைனுக்கு மேல தண்ணி டேங்க் மேடு இருக்குதுங்க. லாரி வரும்.”

பிரிசில்லா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மேடு தெரிந்தது. வீடுகளுக்குப் பின்னாலேயே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

“வேண்டாம். உங்க ஊடுகளுக்கு இவ்வளவு கிட்டக் கொண்டு வந்து வைங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“நீங்க எதுக்குங்க சொல்றீங்க? நான் சொல்றேன்.” ஸ்டெல்லாவின் குரல் இப்போது ஹாலில் கேட்ட குரல் இல்லை. “எங்களுக்கு ஒரு அளவு இருக்குதுன்னு அந்த இன்ஜினியர் சொன்னாருல்லங்க. அதைத் தாண்டுனா நாங்க போய்க் கேப்போம். சண்டை போடுவோம். அதுக யார்கிட்டப் போய்க் கேக்கும்?”

இதை வாசிக்கும்போது உங்களுக்குக் கைதட்டத் தோன்றலாம். டீ முடிந்து திரும்பிப் போன ஹாலில் யாரும் தட்டவில்லை. ஸ்டெல்லா டேங்க் மேட்டைச் சொன்னதும் பெரிய சத்தமாகிவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர் சுப்பிரமணி எழுந்து நின்றார். அவருக்கும் அதே லைனில்தான் வீடு.

“ஸ்டெல்லா, உன்ற கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா கண்ணு? அதுக்காக, பிள்ளைங்க தூங்கற எடத்துக்கு மேல கொண்டாந்து வெப்பாங்களா? தேனீக்கு ஆகாதுன்னு ஒரு மேடம் சொல்றாங்க. அப்ப நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் ஆகுமா?”

பிரிசில்லா தன் கட்சியை விட்டுவிட்டு அவருக்காகப் பேசினாள். அவர் கேட்பது நியாயம் என்றாள். தேனீக்குக் கெடுதல் என்று தான் சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்கிறேன் என்றாள். மனிதர்கள் விஷயத்தில் பல வருஷமாகப் பார்த்து ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதை நம்பலாம், ஆனால் நம்புவதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றாள்.

இன்ஜினியர் எழுந்தார். டேங்க் மேட்டில் வைத்தால் பஸ் நிற்கிற இடத்துக்கும் லைனுக்கு வருகிற பாதைக்கும் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும், ஆனால் மேல் எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் குறையும் என்றார். மறைக்காமல் சொன்னார். ஆன்டெனாவை வீடுகளின் பக்கம் திருப்பாமல் வைக்க முடியும் என்றார். “போட்டதும் உங்க ஊட்டு வாசல்லயே வந்து அளந்து காட்டறேன். மறுபடி எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்.”

“எங்க எல்லாரு கண்ணு முன்னாலயும் அளக்கோணும்” என்றார் சுப்பிரமணி. “ஆபீஸுல உக்காந்துட்டு எழுதறது ஆகாது.”

“சரிங்க.”

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். பாவம், நல்ல மனிதர். “மரத்துக்கிட்ட வெக்கக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு விதி எதுவும் இல்லைங்க மேடம். அதைத் தெரிஞ்சுக்கோங்க. ஆனா கம்பெனியே மாத்திக்கறேன்னா, எனக்கு ஆட்சேபணை இல்லைங்க.”

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சம்மதித்தார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. ஸ்டெல்லாவோடு சிலர் கொஞ்ச நாள் பேசவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அவர்களையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் டவர் வைக்கட்டுமா என்று கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டெல்லாவும் எங்களோடு மரம் வரை நடந்து வந்தாள். உயரே, கிளைக்கு அடியில், கறுப்புக் கம்பளம் மடித்துத் தொங்கவிட்ட மாதிரி அடைகள். ஒரு குளவி கிட்டே வந்தது. சட்டென்று அடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் அலை ஓடியது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடம்பைத் தூக்கி இறக்குகின்றன. ஈரத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு மினுக்கல். குளவி விலகிப் போனது.

“ஒண்ணுக்கு ஒண்ணு தகவல் சொல்லிக்குதுங்க” என்றாள் பிரிசில்லா.

ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். “தெனமும் இந்த வழியாத்தான் போறேன். அதுகளுக்கு ஒடனே தெரிஞ்சுருதுல்லங்க” என்றாள்.

மழை முடிந்து டவர் எழும்பியது. டேங்க் மேட்டில்தான். இன்ஜினியர் சொன்னபடி வந்தார். ஒவ்வொரு வாசலாக நின்று அளந்தார். சுப்பிரமணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே கூட நடந்தாராம். வரம்புக்குள்தான் இருந்தது. அப்படியும் சுப்பிரமணி விடவில்லை. இன்னொரு முறை வரச் சொன்னார். இன்ஜினியர் வந்தார்.

இந்த வருஷம் இலவ மரத்துக்குத் தேனீ வந்ததா?

வந்தது. போன வருஷத்தைவிட அடைகள் குறைச்சல். எனக்கு உடனே கோபம் வந்தது, டவர்தான் என்று. பிரிசில்லா என்னை அடக்கினாள். “மழை பிந்துச்சுக்கா. பூ குறைச்சல். டவர் தள்ளித்தான் இருக்குது, அதுக்காக டவரால இல்லைன்னு சொல்லிர முடியுமா? ஒரு வருஷத்தை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாத்துட்டே இருக்கோணும்.” மாணவர்களோடு பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தை மாதம் ஒரு சாயங்காலம் அவள் என் வீட்டுச் சோபாவில் இருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா. பிரிசில்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, சும்மாதானுங்க கூப்பிட்டேன். இப்ப லைனுக்குக் கீழ யானை நிக்குதுங்க. அஞ்சாறு இருக்கும். மெசேஜ் வந்துச்சு. பஸ்ஸை மேலேயே நிறுத்திட்டாங்க, எல்லாரும் பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருக்காங்க. இங்க எல்லாரும் உள்ள இருக்கோம். பட்டாசு யாரும் போடலைங்க. அதுக பாட்டுக்கு மேயுதுக.”

ஸ்டெல்லா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“யார்கிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சுங்க. வெச்சரட்டுங்களா?”

‘மேடம்’ எப்போது ‘அக்கா’ ஆனது என்று பிரிசில்லாவிடம் நான் கேட்கவில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லா இப்போது டெல்லிக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். டவர் வேண்டாம் என்று இல்லை. டவர் வைக்குமுன் அங்கே என்ன உயிர் குடியிருக்கிறது என்று பாருங்கள், வைத்தபின் அதற்கு என்ன ஆகிறது என்று தொடர்ந்து பாருங்கள், பார்த்து அதுகளுக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் அந்த இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். வேறொரு எஸ்டேட்டில் இடம் பார்க்கப் போயிருக்கிறாராம். பக்கத்தில் பெரிய அத்தி மரம், மேலே பொந்தில் ஏதோ பெரிய பறவை கூடு வைத்திருக்கிறது. “கொஞ்சம் வந்து பாத்துச் சொல்றீங்களா மேடம்? பாக்காம ஆரம்பிக்க எனக்கு மனசு வரலைங்க.”

யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. எந்த விதியிலும் அப்படி இல்லை. நான் உருகிப் போய், “பாரு, ஒரு மனுஷன் மாறிட்டாரு, போதாதா?” என்றேன். பிரிசில்லா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “போதாதுக்கா” என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

அவள் சொல்வது சரி. நல்ல மனிதருக்கு என்றைக்காவது டிரான்ஸ்பர் வந்துவிடும். சட்டத்துக்கு வராது.